புரியலக்கா

பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பதினேழாம் நாள் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் விழுந்தது. வைத்தவன் மைக்செட். அதுவும் பட்டப்பெயர்தான். வயது இருபத்து மூன்று, கணக்கில் முதுகலை, வாயைத் திறந்தால் மூன்றாம் மாடிவரை கேட்கும். இப்படி ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு ஆசிரியராகாமல் வேறு என்ன ஆவது என்று வீட்டில் முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள்.

முதுகலை முடித்துவிட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று வருகிறவர்களை அங்கே எடுத்த எடுப்பில் பிள்ளைகளிடம் விடுவதில்லை. முதல் இரண்டு மாதம் அவர்களுக்கு அவர்களே பிள்ளைகள். ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மற்ற இருபத்தெட்டுப் பேரும் பெஞ்சில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பாக வேண்டும். பேராசிரியை ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார். இதில் யாரும் எழுதிவைக்காத ஓர் ஒப்பந்தம் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் நடத்தும்போது நீ தலையாட்டு, நீ நடத்தும்போது நான் ஆட்டுகிறேன். கேள்வி கேட்டதும் யாராவது சரியான விடையைச் சொல்வார்கள், ஆசிரியர் "வெரி குட்" என்பார், ஆறு நிமிடம் ஆனந்தமாகப் போய்விடும். அவ்வளவு கெட்டிக்கார எட்டாம் வகுப்பு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அத்தனை பேரும் முதுகலை அல்லவா!

அன்று மைக்செட் பின்னங்களின் வகுத்தல் நடத்தினான். "ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கு, பெருக்கு, முடிஞ்சுது! புரிஞ்சுதா?" என்றான். இருபத்தேழு தலைகள் ஆடின. ஒரு கை மட்டும் மேலே போனது.

"சார், புரியல."

அவன் அதையே இன்னும் உரக்கச் சொன்னான். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"இன்னும் புரியல சார். ஏன் தலைகீழாக்கணும்?"

"அது ரூல்."

"யார் போட்ட ரூல் சார்?"

ஹால் கொல்லென்று சிரித்தது. மைக்செட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். பாதியில் ஆறு நிமிடம் முடிந்து மணி அடித்தது. பேராசிரியை அவன் தாளில் "மறுமுறை நடத்தவும்" என்று எழுதி நீட்டினார்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டான். மூக்குக்கு மேல் கோபம்.

"ஏங்க்கா, நீங்களும் எம்.எஸ்ஸி. கணக்குதானே? உங்களுக்கா புரியல?"

"எனக்குப் புரிஞ்சுது தம்பி. அங்க உக்காந்திருந்த பொண்ணுக்குத்தான் புரியல."

"எந்தப் பொண்ணு?"

"நேத்து காய்ச்சல்னு லீவு போட்ட பொண்ணு. இன்னைக்கு எட்டாவது படிக்கிற பொண்ணா உக்காருங்கன்னு சொன்னாங்கல்ல? நான் அவளாத்தான் உக்காந்தேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க அவள் புரியலக்கா ஆகிவிட்டாள்.

அவள் வீம்புக்குச் செய்யவில்லை. வீம்புக்காரியாக இருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். அடுத்த பதினான்கு வருடம் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காதில் ஒரு ஹெட்போன், முன்னால் ஒரு திரை, நாள் பூராவும் போன். மெஷினில் தண்ணீர் போகவில்லை, சத்தம் வருகிறது, கதவு திறக்கவில்லை என்று முகம் தெரியாத ஆட்கள் கத்துவார்கள். ஃபில்டரை எந்தப் பக்கம் திருகிக் கழற்றுவது என்று வெறும் குரலால் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பதினான்கு வருடத்தில் அவள் காது ஒன்றைக் கற்றுக்கொண்டது. "புரியல, புரியல" என்று சண்டை போடுகிறவர் பிழைத்துக்கொள்வார். பாதியிலேயே "சரிங்க, புரிஞ்சுது புரிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிடுகிறவர் பத்தாவது நிமிடம் திரும்பக் கூப்பிடுவார், அதற்குள் தரையெல்லாம் தண்ணீர். எது உண்மையான "புரிஞ்சுது", எது வாயளவு "புரிஞ்சுது" என்று முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் கம்பெனி பதிவுசெய்த குரல் ஒன்றை வைத்துவிட்டு இவர்களை வீட்டுக்கு அனுப்பியது. புருஷன், ஏசி மெக்கானிக், மூன்று நாள் அவள் முகத்தையே பார்த்துவிட்டு நான்காம் நாள் சொன்னார்: "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தே. புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடேன்."

அப்படித்தான் வந்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு, அம்மா பயிற்சிக் கல்லூரி. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவள் நோட்டு, மறுமுனையில் இவள் நோட்டு.

அவளுடைய ஆறு நிமிடம் வந்தபோது மொத்த ஹாலும் பழி தீர்த்துக்கொண்டது. ஒருவன் குறட்டை விட்டான். ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போகணும் என்றாள். நான்கு பேர் ஒரே மூச்சில் "புரியல!" என்றார்கள். மைக்செட் காகித ராக்கெட் விட்டான். எல்லோரும் அவள் அழுவாள் என்று காத்திருக்க, அவளுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து ஒரு நிஜமான வகுப்பு! முதலில் "புரியல" சொன்னவன் பெஞ்சுக்கே போய்க் குனிந்து, "எந்த இடத்துல விட்டுப்போச்சு, சொல்லு" என்று ஆரம்பித்தாள். ஆறு நிமிடமும் அவனுக்கே போயிற்று. பேராசிரியை எழுதினார்: "ஒருவருக்கு மட்டும் பாடம். மற்ற இருபத்தேழு பேர் எங்கே?"

பேராசிரியை சொன்னது நியாயம். அவளை எவ்வளவு மெச்சினாலும் இதை மறைக்கக் கூடாது. ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. போனில் ஒரு நேரத்துக்கு ஓர் ஆள்தான். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்.

மூன்றாம் மாதம் எல்லோரையும் நிஜப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மைக்செட் தொண்டை கட்டிப்போய் அவளைத் தேடி வந்தான். "அக்கா, அங்க அத்தனை பேரும் நீங்கதான்க்கா!" என்று கீச்சுக் குரலில் சொன்னான். அதோடு, "நாளைக்குப் பாடம் இதான். கொஞ்சம் புரியாம உக்காருங்களேன்" என்று கெஞ்சினான். அவள் உட்கார்ந்தாள். எண்ணென்றாலே பயப்படும் பிள்ளையாக, பலகை தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்க்கும் பிள்ளையாக, எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எதுவும் தெரியாத பிள்ளையாக, அவன் பாடத்தின் ஓட்டைகளையெல்லாம் விரல் வைத்துக் காட்டினாள். அடுத்த நாள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கல்லூரிக் கேன்டீனில் வரிசை. அவள் முன்னால் நின்று தேறிய பாடம் எந்த வகுப்பிலும் கவிழவில்லை என்று பேச்சு. அத்தனை பேர் பாடத்தையும் கரையேற்றினாள்.

தன் பாடத்தை மட்டும் அவளால் முடிக்கவே முடியவில்லை.

தேர்வுப் பாடம் இரண்டு. கல்லூரியிலிருந்து அதிகாரி வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்ப்பார். முன்னுரையில் தொடங்கி வீட்டுப்பாடம் வரை எல்லாவற்றுக்கும் தாளில் தனித்தனிக் கட்டம். முதல் தேர்வில் ஒரு பையனுக்கு வந்த சந்தேகத்தோடு அவள் போனாள், திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பாதிக் கட்டங்களில் பூஜ்யம். பெயில். இரண்டாவதிலும் போனால் அந்த வருடமே போச்சு. அடுத்த வருடம் ஆறு நிமிடப் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படித் திரும்ப வர வீடு தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். புருஷன் இரண்டு ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் "சும்மா இருக்கப் பிடிக்கல" என்பார்.

அந்த வாரம் வீட்டில் ஒன்று நடந்தது. மகளின் கணக்குத் தாள் பையிலிருந்து நழுவி விழுந்தது. நூற்றுக்கு இருபத்தொன்பது. எல்லாம் மேசையில் உட்கார்ந்து இவள் சொல்லிக்கொடுத்த கணக்குகள். சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் அவள் "புரிஞ்சுச்சும்மா" என்றிருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீயே பெயிலாயிட்டு வந்திருக்கே. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. புரியலன்னு சொன்னா இன்னும் ஒரு மணி நேரம் உக்காருவே. அதான் புரிஞ்சுச்சுன்னு சொன்னேன்."

எரிச்சல்காரரின் பொய்யையும் அவசரக்காரரின் பொய்யையும் பதினான்கு வருடம் கேட்ட காது, பிரியத்தில் சொன்ன பொய்யைத் தன் வீட்டிலேயே கோட்டை விட்டிருந்தது. அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் முதல் கணக்கிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது தேர்வு நாள் வந்தது. பள்ளியின் கணக்கு டீச்சர், இவளுக்கு அங்கே வழிகாட்டி, வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வமே, இன்னைக்காவது மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க. யார் என்ன கேட்டாலும் அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க." அவளும் தலையாட்டினாள். அவள் ஆட்டியதும் வாயளவு "புரிஞ்சுது"தான்.

பாடம் சமன்பாடு. ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு ஐந்தைக் கூட்டினால் இருபது. அந்த எண் எது? கூட்டலில் இருக்கும் ஐந்து, சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கழித்தலாகிவிடும். பின்வரிசையில் அதிகாரி அம்மா, மடியில் தாள், கையில் பேனா. முன்னுரை முடிந்தது, விளக்கம் முடிந்தது, இரண்டு கணக்கு முடிந்தது. முப்பத்து மூன்றாவது நிமிடம். இனி சுருக்கம், ஒரு சிறு சோதனை, வீட்டுப்பாடம். ஏழு நிமிடம் தாராளம். கதவுக்கு வெளியே கணக்கு டீச்சர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "புரிஞ்சுதா" என்று அவள் ஒருநாளும் கேட்பதில்லை, "எது புரியல?" என்றுதான் கேட்பாள். இரண்டு மாதமாக அந்த வகுப்பு அதற்குப் பழகியிருந்தது. கேட்டால் ஏழெட்டுக் கை தைரியமாக எழும்.

அன்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எல்லாம் புரிஞ்சுச்சு டீச்சர்!"

அதிகாரி அம்மா எழுதக் குனிந்தார். அவள் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதல் பெஞ்சு லீடர் பையன் திரும்பி, ஜன்னலோரத்து உயரமான பெண்ணைக் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கேள்வி முடியும் முன்பே தலையாட்டிவிட்டிருந்தாள். இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சுருக்கம் எழுதிய சார்ட் மேசையில் சுருட்டி இருந்தது. அதைப் பிரித்து மாட்டினால் போதும். அவள் கை அதன் மேல் போய் நின்றது. பிறகு சாக்பீஸை எடுத்து வேறொரு கணக்கை எழுதினாள்: இருபதிலிருந்து ஓர் எண்ணின் மூன்று மடங்கைக் கழித்தால் ஐந்து.

"லீடர், வா."

பையன் வந்தான். இருபதை அந்தப் பக்கம் தள்ளினான், குறியை மாற்றினான், வழியில் ஒரு கழித்தல் குறியைத் தொலைத்தான், கழித்தல் ஐந்து என்று முடித்தான்.

"சரியா?"

"சரி டீச்சர்!" என்றது வகுப்பு.

"திரும்பப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தான். ஐந்து வர வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து வந்தது. அவன் காது சிவந்துவிட்டது. அவள் பக்கம் நெருங்கி, மெல்லச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இன்னைக்கு வேண்டாம் டீச்சர். நீங்க முடிச்சிடுங்க. நாங்க நாளைக்குக் கேட்டுக்கறோம்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் பட்ட பாடெல்லாம் தகும் என்பேன் நான். ஆனால் அவள் இளகி நின்றுவிடவில்லை. "எது புரியல?" என்று மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை ஜன்னலோரத்தைப் பார்த்து.

அந்தப் பெண் எழுந்தாள். லீடரைப் பார்த்தாள், பின்னால் அதிகாரியைப் பார்த்தாள். "எனக்கு முதல்லேருந்தே புரியல டீச்சர். அந்தப் பக்கம் போனா ஏன் குறி மாறுது?"

"இங்க வா. நல்ல கேள்வி."

மேசைமேல் மூன்று காகிதக் கவர்களை வைத்து, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சாக்பீஸ் போட்டாள். பக்கத்தில் வெளியே ஐந்து சாக்பீஸ். மேசையின் மறுபாதியில் இருபது. இரண்டு பாதியும் சமம். "கவருக்குள்ள எத்தனைன்னு தெரியணும். இந்த அஞ்சு இடைஞ்சல். என்ன பண்ணலாம்?" எடுத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். "எடுத்தா சமமா இருக்குமா?" யோசித்தாள். "அங்கேயும் அஞ்சு எடுக்கணும்." எடுத்தாள். பதினைந்து நின்றது. ஒன்றும் பக்கம் தாண்டிப் போகவில்லை, ஒரு குறியும் மாயமாக மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தார்கள், அவ்வளவுதான். நாற்பது பேர் மேசையைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். "அட!" என்றான் லீடர். அப்போது மணி அடித்தது. கழித்தல் கணக்கு பலகையில் தப்பான விடையோடு அப்படியே நின்றது.

வகுப்பு காலியானதும் அதிகாரி அம்மா தாளோடு வந்தார்.

"ஏழு நிமிஷம் கையில இருந்துச்சு. சுருக்கம், சோதனை, வீட்டுப்பாடம், மூணுக்கும் நான் பூஜ்யம்தான் போட முடியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

"அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க மேடம். அதை எப்படி மேடம் வாங்கிக்கிறது?"

அதிகாரி அம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. உங்களை எட்டு நாள் காக்க வைக்க எனக்கு மனசில்லை. பாஸ். தேவைக்கு மேல் இரண்டு மதிப்பெண். சொன்னபடியே மூன்று கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. கேள்வி கேட்கும் திறன் என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து இருந்தது. அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் விழுந்து தான் பார்த்ததில்லை என்று பேராசிரியை சொன்னார். மைக்செட் கல்லூரி வாசலிலிருந்து கத்தியது பேருந்து நிறுத்தம்வரை கேட்டது.

ஆனால் இதெல்லாம் எட்டு நாள் கழித்து. தேர்வு நடந்த அன்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெயில் என்றே நினைத்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"போச்சுங்க."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரி விடு. நாளைக்கு நல்லாத் தூங்கு. பள்ளிக்கூடம்தான் இன்னையோட முடிஞ்சுதே."

"நாளைக்குப் போகணுங்க. கணக்கு டீச்சர்கிட்ட முதல் பீரியட் கேட்டு வாங்கிட்டேன். பாடம் பாதியில நிக்குது."

அவர் அலாரம் வைத்தார்.

மறுநாள் காலை பின்வரிசையில் யாரும் இல்லை. தாள் இல்லை, கட்டம் இல்லை. எட்டாம் வகுப்பு அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றது, உட்காரவே மறந்துவிட்டது. ஜன்னலோரத்துப் பெண்ணிடம் சாக்பீஸை நீட்டினாள். அந்தப் பெண் பலகைக்கு முன் நின்று கணக்கைப் படித்தாள். இருபதிலிருந்து மூன்று மடங்கைக் கழித்தால் ஐந்து. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். இரண்டு பக்கமும் கவர் மூன்றைக் கூட்டினாள், இரண்டு பக்கமும் ஐந்தை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நான்கு நிமிடம் ஆயிற்று. லீடர் இரண்டு தடவை வாயெடுத்தான். டீச்சர் தன் உதட்டில் விரலை வைத்தாள். தானும் ஒரு சொல் சொல்லவில்லை, ஓர் அடி நகரவில்லை. ஐந்து என்று வந்தது. அந்தப் பெண் யாரும் சொல்லாமலே அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மூவைந்து பதினைந்து, இருபதில் பதினைந்து போனால் ஐந்து.

புரியலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் நின்றாள். அந்தப் பெண் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு, சாக்பீஸ் கையை நீட்டியபடி சொன்னாள்:

"இன்னொன்னு குடுங்க டீச்சர்."